அந்த வெண்கல வீரன் 3000 ஆண்டு பழையவன் அல்ல

ஆப்பிரிக்காவின் ஷில்லுக் மக்களைச் சேர்ந்த ஒரு வீரனின் வெண்கலச் சிலைப் படத்தைப் போட்டு, "நைல் கரையில் தோண்டி எடுத்த 3000 ஆண்டு பழைய சிலை" என்று பகிர்கிறார்கள். இது தவறு. செய்தவர் மல்வினா ஹாஃப்மன். புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோதானிடம் பயின்ற அமெரிக்கச் சிற்பி. சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் 1933இல் திறந்த 'மனித இனங்கள்' கூடத்துக்காக உருவான சிலை அது.

சரி, வயது மட்டும்தான் பிழையா? "இனங்கள் தனித்தனி என்பதற்கு இது அறிவியல் சான்று" என்றும் அதிலேயே சேர்க்கிறார்கள். அதுதான் அதிக ஆபத்து. மனிதரை இன வகைகளாகப் பிரித்த அந்தக் காலக் கருத்தை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. கூடமும் 1960களின் இறுதியில் கலைக்கப்பட்டது. ஷில்லுக் மக்களோ இன்றும் தெற்கு சூடானில், வெள்ளை நைல் கரையில் வாழ்கிறார்கள். 2016இல் அருங்காட்சியகம் சுமார் 50 சிலைகளை மீண்டும் வைத்தபோது, பழைய கருத்தின் பிழையையும் கூடவே விளக்கியது.