“ஆய்வு ஆர்வம் என்றால் என்ன, டீச்சர்?”

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் மாணவி ஒருத்தி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறார். யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு கலைப்பீடக் கையேட்டை அவள் கையில் வைத்திருந்தாள். ஆங்கிலத்துறை விரிவுரையாளர்களின் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் கீழே ‘கற்பித்தல், ஆய்வு ஆர்வங்கள்’ என்று இரண்டு மூன்று வரிகளும் இருந்தன. ஷேக்ஸ்பியர் நாடகங்கள், விக்டோரிய நாவல், பின்காலனிய இலக்கியம், பெண்ணியக் கோட்பாடு, இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பித்தல்.

“ஆய்வு ஆர்வம் என்றால் என்ன, டீச்சர்? அவர்களுக்குப் பிடித்த பாடமா?”

“அவர்கள் விடை தேடிக்கொண்டிருக்கிற கேள்வி” என்றேன்.

மறுபடியும் பட்டியலின் மேல் விரலை வைத்துக் கடைசிவரை வாசித்தாள். “தோட்டத்தைப் பற்றி இதில் யாரும் கேட்கவில்லை, டீச்சர்” என்றாள். குறை சொல்லும் தொனி அதில் இல்லை, பார்த்ததைச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது.

நான் ஆங்கிலம் படித்த பல்கலைக்கழகம் மலையகத்தில் இல்லை. இறுதி ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்குத் தோட்டப்புறத்துத் தமிழில் கலந்திருக்கும் ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ள விரும்பினேன். “அதை மேற்பார்வை செய்ய இங்கே ஆளில்லை, வேறு தலைப்புப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார்கள். நான் ஓர் ஆங்கில நாவலாசிரியரைப் பற்றி எழுதி, நல்ல புள்ளியும் பெற்றேன். அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இப்போது எனக்கு நினைவில்லை. துறையில் இருப்பவர்களின் ஆர்வம் எதுவோ, மாணவருடைய கேள்வியும் அதற்குள்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு மூன்று வரிகளை நான் அலங்காரமாக நினைக்காததற்கு இதுதான் காரணம்.

ஷேக்ஸ்பியர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த லுடோவைக் நாடக இலக்கியத்தை விரிவுரை மண்டபத்தோடு விட்டுவிடவில்லை; மாணவர்களைக் கூட்டி நாடகங்களை மேடையேற்றினார். அதே பேராதனையில் கற்பித்த திரு கந்தையா, சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள், என்று சொல்வதை எடுத்துக்கொண்டு, இந்த மொழி நம் நாட்டில் யாரை எப்படி வெட்டுகிறது என்று எழுதினார். மாணவர் வாயில் புழங்கிய ஒரு சொல் அவருக்கு ஆய்வுப் பொருளாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா தன் மாணவர்களின் பாடப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். அமெரிக்காவில் அச்சான அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் படங்களும் சினிமாப் பாட்டு வரிகளும் போராட்டத்தைப் பற்றிய கிறுக்கல்களும் இருந்தன. வேறொருவராக இருந்தால் அழிக்கச் சொல்லியிருப்பார். அவர் அவற்றையே ஆராய்ந்தார். இன்று உலகம் அறிந்த மொழியியல் அறிஞராக இருக்கிறார். வகுப்பறையிலிருந்தே ஆய்வு பிறக்கும் என்று நான் நம்புவதற்கு இவர்கள் இருவரும் போதும்.

அப்படியானால் மலையகத்தில் எவ்வளவு கிடக்கிறது! செக்ரோல் (தொழிலாளரின் பெயர்ப் பதிவேடு), கிளாக்கர், டீமேக்கர், டிவிஷன் எல்லாம் வெளிப்படையான ஆங்கிலச் சொற்கள். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களம் ‘பரேட்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் என்பது ‘லைன்’ என்றும், இல்லை, குதிரை லாயம்தான் என்றும் இரண்டு பக்கமும் பேச ஆள் உண்டு. அதைத் தீர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் யார்? தமிழ்த்துறை பாதி சொல்லலாம், மற்றப் பாதி ஆங்கிலத்துறையின் வேலை. ‘அரைப்பேர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான்; செக்ரோலில் அன்று அந்தப் பெண்ணின் பெயர் பாதியாகிவிடுகிறது. வெள்ளைக்காரன் ஏடு வைத்த முறையும் நம் ஆட்களின் வேதனையும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. என் அம்மாயி “இன்றைக்கு எனக்கு அரைப்பேர்” என்று சொல்லிவிட்டு, கூடையை இறக்கி வைத்து, வாசற்படியில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். எந்த அகராதியும் எனக்கு அந்தச் சொல்லை அதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

தோட்டங்களை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் கற்றுக்கொள்வதற்கென்றே அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் கைநூல்கள் வந்தன. ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா!’ தலைப்பிலேயே ஏவல். அதிகாரம் மொழிக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்று முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எது?

இலக்கியத்திலும் நாம் வெறுங்கையோடு இல்லை. பூண்டுலோயாவுக்குப் பக்கத்தில் மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் 7 பேர் வென்றார்கள். அடுத்த வருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களுக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதினார். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிய நான் அவரை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு 26 வயது. அதுவும் ஒரு தொழிற்சங்கத் தோழர் தந்த பழைய பிரதியில். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

இந்த வேலையை யாருமே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் அது தனி ஆளின் விருப்பமாகவே இருக்கிறது, அவர் ஓய்வு பெற்றால் அதோடு முடிந்துவிடும். மலைநாட்டில் இருக்கும் ஆங்கிலத்துறைகள் இதைத் துறையின் வேலையாக எடுக்க வேண்டும். ஒரு தவணைக்கு ஒரு பாடம், தோட்டத்துப் பிள்ளைகளை மேற்பார்வை செய்ய ஒரு விரிவுரையாளர், பழைய செக்ரோல்களையும் கடிதங்களையும் கறையான் தின்பதற்குள் சேர்த்து வைக்க ஓர் அலுமாரி. இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

அன்று அந்தப் பிள்ளை புறப்படும்போது ஒரு புதிய கொப்பியைக் கொடுத்து, வீட்டிலும் மலையிலும் காதில் விழும் சொற்களை எழுதி வரச் சொன்னேன். நேற்று கொண்டுவந்தாள். 43 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, யார் சொன்னது, என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது சொன்னது என்றும் எழுதியிருக்கிறாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆங்கிலத்துறையில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதை வாசித்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். கொப்பியோடு அவளை அழைத்து வருகிறேன்.