லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டாத செய்திகள்

சிங்கப்பூரில் சுற்றுச்சூழல் தகவலுக்குப் பஞ்சமில்லை. தேடிக்கூடப் போக வேண்டாம், லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கும்போதே கண்ணில் படும். அக்கம்பக்கத்தில் டெங்கி என்றால் மஞ்சள் பதாகை, 10 பேரைத் தொட்டால் சிவப்பு. பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று நான்கு மொழியிலும் சொல்லிவிடுகிறார்கள். என் மாமியாருக்கு ஆங்கிலம் வராது. ஆனால் துணி காயப்போடும் கழியைச் செருகுகிற குழாயில் கொசு முட்டையிடும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. 2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகள் பைக்கு 5 காசு வாங்கத் தொடங்கியபோது, எனக்கு முன்னாடியே துணிப்பை தயாராக வைத்திருந்தார்.

புகைமூட்டம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2013 ஜூன் 21 அன்று காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ, மூன்று மணி நேரக் கணக்கில் 401 போனதை யாரும் மறக்கவில்லை. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் செயலி இருக்கிறது, ஒலி 96.8 வானொலி சொல்கிறது, தமிழ் முரசு எழுதுகிறது. இருந்தும் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுவது தேதியோ நேரமோ இல்லாத ஏதோ ஒரு படம்தான். (மாமாக்களே, இப்போது மெதுவோட்டம் போகலாமா என்பதற்கு காற்றிலுள்ள நுண்துகளைக் காட்டும் ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். பிஎஸ்ஐ 24 மணி நேரச் சராசரி, அது நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க.)

எனக்குக் குறை வேறிடத்தில். மேலே சொன்னதெல்லாம் நாம் என்ன செய்ய வேண்டும் என்ற தகவல். தண்ணீரைக் கொட்டு, ஜன்னலைச் சாத்து, பையைக் கொண்டு வா. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டை என்ன செய்யப் போகிறார்கள் என்ற தகவல் லிஃப்ட் வரைக்கும் வருவதில்லை.

அது ஒளித்துவைக்கப்படுகிறது என்று சொல்லமாட்டேன். ஒரு கட்டுமானத்தால் இயற்கைக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்க்கும் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வுகளை, பாதுகாப்பு போன்ற காரணம் இல்லாவிட்டால் பொதுவில் வெளியிடுவோம் என்று 2020 அக்டோபரில் அரசாங்கம் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் வெளியாவது தாவரவியல் பெயர்களும் வரைபடங்களும் நிறைந்த தடித்த ஆங்கில அறிக்கை. கருத்துச் சொல்லச் சில வாரம்தான் கெடு. டோவர் காட்டுக்கு அப்படித்தான் வந்தது. இயற்கை ஆர்வலர்கள் படித்து, சுருக்கி, படம் போட்டுப் பரப்பினார்கள். கெடு நீண்டது, நாடாளுமன்றம் வரை பேச்சுப் போனது. 2021 ஜூலையில் கிழக்குப் பாதியில் வீடு கட்டலாம், மேற்குப் பாதியை இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்று முடிவானது. அந்தச் சுருக்கம் தமிழில் என் கைக்கு வரவேயில்லை.

கிராஞ்சியில் இன்னும் மோசம். ஆய்வு முடியும் முன்பே சுமார் 4.5 ஹெக்டர் தவறுதலாக வெட்டப்பட்டது, 2021 பிப்ரவரியில் முகநூலில் சுற்றிய படங்களால்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்தக் காடு பழைய மலாயா ரயில் பாதையை ஒட்டியது. ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் எத்தனை பேர்! அங்கே எந்த ஓடை எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லக்கூடிய தாத்தாக்கள் இன்னும் தேக்கா (லிட்டில் இந்தியா) காப்பிக்கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்க ஆளில்லை. கருத்துக் கேட்கும் தாளே அவர்களிடம் போவதில்லை.

“மொழிபெயர்த்தால் மட்டும் யார் படிப்பார்கள்” என்று ஒரு நண்பர் கேட்டார். டெங்கிப் பதாகையை மட்டும் எப்படிப் படித்தார்களாம்? வாசலில் ஒட்டினார்கள், படித்தார்கள். முழு அறிக்கையையும் தமிழில் கேட்கவில்லை. எந்த இடம், என்ன வரப்போகிறது, என்ன போகப்போகிறது, எந்தத் தேதிக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் – ஒரே ஒரு தாள், நான்கு மொழியில், பக்கத்து அடுக்குமாடி புளோக்குகளின் லிஃப்ட் ஓரத்தில். டெங்கிப் பதாகைக்கு இருக்கிற இடம் இதற்கும் இருக்கும்.

அதுவரை நம் சமூக மன்ற நற்பணிச் செயற்குழுக்கள் ஒரு மாலையை ஒதுக்கலாமே. தமிழ்மொழி விழாவுக்கு மாமியாரா மருமகளா என்று பட்டிமன்றம் போட்டது போதும். அடுத்து எந்த வட்டாரத்து ஆய்வு வெளியானாலும், படித்துத் தமிழில் சுருக்க நான் தயார். தாவரவியல் தெரிந்த ஒருவர் கூட வேண்டும், பின்னூட்டத்தில் கை தூக்குங்கள்.