முடி வளருது பிரதர், எல்லாருக்கும் வளருது

ஆப்பிரிக்காக்காரங்களுக்கு முடியே வளராதுன்னு ஒருத்தர் போட்டிருக்காரே, அந்த ரீலை நானும் பாத்துட்டேன், இனிமே யாரும் இன்பாக்ஸ்ல அனுப்பாதீங்க, புண்ணியமா போகும். மத்தியானம் பூரா பொறுத்துக்கிட்டுதான் இருந்தேன், ஆனா கடைசியா அவர் எனக்குப் போட்ட ரிப்ளை இருக்கே, "சயின்ஸை சயின்ஸா பாருங்க சிஸ்டர், எமோஷனல் ஆகாதீங்க"ன்னு, அதுக்கப்புறம் முடியல. சரி பிரதர், சயின்ஸாவே பாப்போம்.

"ஆப்பிரிக்காக்காரங்களுக்கு முடி வளராது, ஆராய்ச்சியிலயே நிரூபிச்சுட்டாங்க." இதானே சொன்னீங்க, பின்னாடி அந்த சிரிப்பு சவுண்டு வேற. எந்த ஆராய்ச்சிங்க? நானும் தேடித் தேடி படிச்சிட்டேன், வளராதுன்னு ஒருத்தனும் சொல்லல. வளருது.

லொரேயால்ங்கற அழகுசாதன கம்பெனி ஆளுங்க 2005ல போட்ட ஆராய்ச்சிப் பேப்பர்தான் இந்த மாதிரி வீடியோவுக்கெல்லாம் மூலம்னு நெனைக்கிறேன். தலையில ஒரு சின்ன இடத்துல முடியை ஒட்ட வழிச்சிட்டு, போட்டோ எடுத்து, கொஞ்சம் விட்டு மறுபடி போட்டோ எடுத்து எவ்ளோ நீண்டிருக்குன்னு அளக்குறாங்க. ஒரு நாளைக்கு சராசரியா ஆப்பிரிக்க முடி 280 மைக்ரோமீட்டர், ஐரோப்பிய முடி 367, ஆசிய முடி 411. வருஷக் கணக்குல பாத்தா சுமார் 10 சென்டிமீட்டர், 13, 15. அவ்ளோதான் வித்தியாசம். மெதுவா வளருது, ஆனா வளருது. அதோட இந்த நம்பர் எல்லாத்துக்கும் பக்கத்துலயே, ஆளுக்கு ஆள் சுமார் அம்பது கூடவோ குறையவோ இருக்கும்னும் போட்டிருக்காங்க, அதை மட்டும் எந்த ரீல்லயும் காமிக்க மாட்டாங்க. அதாவது 330 வளர்ற ஆப்பிரிக்கரும் இருக்காங்க, 310 வளர்ற வெள்ளைக்காரரும் இருக்காங்க, ரெண்டு பேருமே ரொம்ப சாதாரணம். சராசரிங்கறது கூட்டத்தோட கணக்கு, எதிர்ல நிக்கிற ஆளோட தலையைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது.

(கீழ கமெண்ட்ல "ஆசியாதான் நம்பர் ஒன், தமிழன்டா"ன்னு ஒரு கூட்டம். ராசா, இந்த மாதிரி பேப்பர்ல ஆசிய முடின்னா பெரும்பாலும் சீனா, ஜப்பான், கொரியா பக்கத்து முடி. உன்னை யாரும் அளக்கல.)

அப்ப ஏன் நீளமா தெரியலன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. உடையுது, அதான். நொன்ஹ்லான்ஹ்லா குமாலோன்னு ஒரு தென்னாப்பிரிக்க டாக்டரம்மா, 2000ல மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்து எழுதியிருக்காங்க, ஆப்பிரிக்க முடியில முடிச்சு விழுது, சீவும்போது நடுவுல உடையுது. வேர்லேர்ந்து வர்றது வந்துக்கிட்டேதான் இருக்கு, நுனியில போயிடுது. சரி, புரோட்டீன்லயே ஏதோ கோளாறா இருக்குமோன்னு 2005ல அதையும் பாத்தாங்க, அந்த புரோட்டீன் அமைப்புல வித்தியாசம் இல்ல. முடி மொளைக்கிற குழியே வளைஞ்சு இருக்குறதால முடி சுருண்டு வருது, சுருண்ட முடியில சீப்பு போனா சிக்குது. சிக்கெடுக்குற யாருக்கும் தெரிஞ்ச விஷயம், இதுக்கு டிகிரி வேணாம்.

இதை நான் ஏன் இவ்ளோ கோவமா எழுதுறேன்னா, என் தலையே அப்படித்தான். போட்டோல நீங்க பாக்குறது இல்ல, ஏன்னா நான் எப்பவும் கொண்டை. சின்ன வயசுல சாய்பாபா, பரட்டை, மேகி, எல்லாம் கேட்டாச்சு. ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினா மத்த புள்ளைங்களுக்கு சடை தொங்கும், எனக்கு ரெண்டு பக்கமும் விறைப்பா நிக்கும். டீச்சர் ஒருத்தங்க அசெம்பிளியிலயே "வீட்ல எண்ணெய் வாங்க காசு இல்லையா"ன்னு கேட்டாங்க. எங்கம்மா தெனம் அரை கிண்ணம் எண்ணெய் வச்சு அனுப்பியும் அந்தக் கேள்வி. அப்ப எனக்குத் தெரியல, எண்ணெய்க்கும் முடி குழியோட வளைவுக்கும் சம்பந்தமே இல்லன்னு.

காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்ல தான்சானியா பொண்ணு ஒருத்தி. அவ பின்னல் போட உக்காந்தா காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் ஆயிடும். பக்கத்து ரூம் புள்ளைங்க கேக்காமலே வந்து தொட்டுப் பாப்பாங்க. அவ வாங்கின எக்ஸ்டென்ஷன் பாக்கெட்ல "இந்தியன் ஹேர்"னு எழுதியிருக்கும். திருப்பதியில நாம மொட்டை போட்டுட்டு வர்ற முடி ஏலத்துல போய் எங்கெங்கயோ விக்குது, அதைத்தான் உலகம் பூரா நல்ல முடின்னு சொல்லி விக்கிறாங்க. அவ சிரிச்சிக்கிட்டே "உங்க சாமி பாஸ் பண்ண முடி"ன்னுவா. சிரிச்சா, ஆனா யாராவது தொட வந்தா தலைய நகத்திக்குவா, அதையும் பாத்திருக்கேன்.

இப்ப வருவாங்க, "அப்ப இனம் பாத்து ஆராய்ச்சியே பண்ணக்கூடாதாம்மா"ன்னு. நான் எப்ப சொன்னேன்? பண்ணணும், இன்னும் நல்லா பண்ணணும். அதே லொரேயால் 2007ல உலகத்து முடியை எல்லாம் இனத்தைப் பாக்காம, வளைவையும் சுருளையும் மட்டும் அளந்து எட்டு வகையா பிரிச்சாங்க, 18 நாட்டுக்காரங்க முடி. அதுல இந்த நாட்டுக்கு இந்த வகைன்னு கச்சிதமா அடங்கல. 2023ல தலைமாதிரி பொம்மைக்கு விக் மாட்டி வெயில் அடிச்சுப் பாத்தாங்க, ரொம்ப சுருண்ட முடிதான் வெயில் சூட்டை தலைக்கு விடாம நல்லா தடுத்துது. டினா லசிசின்னு ஒரு ஆராய்ச்சியாளரோட வேலை. அதுக்கு ஏன் பிரதர் ரீல் இல்ல? அதுவும் சயின்ஸ்தானே?

"எல்லாத்தையும் இனவெறின்னு சொல்லாதீங்க"ன்னு இன்னொருத்தர். தம்பி, தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சியில தலையில பென்சில் சொருகிப் பாத்தாங்க, பென்சில் கீழ விழுந்தா ஒரு இனம், நின்னா வேற இனம். குடும்பத்தையே பிரிச்சுது அந்தப் பென்சில். அதுக்கு முன்னாடி 1908ல ஓய்கன் ஃபிஷர்னு ஒரு ஜெர்மன்காரர் இப்ப நமீபியான்னு சொல்ற ஊருக்குப் போய், மாதிரி முடிங்க அடுக்கின பெட்டியை வச்சு மக்களை வகை பிரிச்சாரு, பின்னாடி நாஜிக்களுக்கு வேண்டப்பட்டவர் ஆனாரு. அவரும் சயின்ஸைத்தான் சயின்ஸா பாத்தாரு. முடியை வச்சு ஆளை எடை போடறது புதுசு இல்ல.

"ஜஸ்ட் ஜோக்"னு சொல்றவங்களுக்கு பதில் கிடையாது, நேரா பிளாக்.

இந்த ஜோக்குக்கு யார் காசு கட்டுறாங்கன்னும் பாருங்க. 2022ல அமெரிக்க அரசு ஆராய்ச்சி, 33,000 பெண்களுக்கு மேல, பல வருஷம் பின்தொடர்ந்து பாத்தது. முடி நேராக்குற கெமிக்கலை அடிக்கடி போட்டவங்களுக்கு 70 வயசுக்குள்ள கர்ப்பப்பை புற்றுநோய் வர்ற வாய்ப்பு 4.05 சதவீதம், போடாதவங்களுக்கு 1.64. இது தொடர்புதான், அதுதான் காரணம்னு அவங்களே முடிவா சொல்லல, நானும் சொல்லல. ஆனா அதுல கெமிக்கல் போட்டதா சொன்னவங்கள்ல சுமார் 60 சதவீதம் கறுப்பினப் பெண்கள். ஏன் போட்டாங்க? ஆபீஸ்ல, ஸ்கூல்ல, "நீட்டா" இல்லன்னு சொன்னதால. இந்த மாதிரி ரீல் போட்டதால.

நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது. கல்யாணம்னா ஸ்மூத்தனிங், வளைகாப்புன்னா கெராட்டின், பார்லர்ல ரூம் பூரா கண்ணு எரியும், அது ஃபார்மால்டிஹைடுங்கற கெமிக்கலா இருக்கலாம்னு கேட்டா "ஹெர்பல் மேடம்"ம்பாங்க. என் நாத்தனார் பொண்ணு வயசுக்கு வந்த விசேஷத்துக்கே ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிட்டாங்க. வேணாம் அண்ணின்னு சொன்னதுக்கு, "உன்ன மாதிரி அவளும் கொண்டையோடவே இருக்கணுமா"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தோணல அன்னிக்கு. இப்ப ராத்திரி பதினோரு மணிக்கு வரிசையா தோணுது.

என் பொண்ணுக்கும் என் முடிதான். போன வாரம் டைரியில சிவப்பு மையில எழுதி அனுப்பியிருக்காங்க, "ஹேர் டு பி மெயின்டெய்ன்ட் ப்ராப்பர்லி". நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன். சத்தம் போட மாட்டேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அவரு நம்பல, லீவ் போட்டுட்டு கூட வர்றேங்கறாரு.