மொச்சையில் ஒளிந்திருக்கும் சர்வநாசம்

(மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை. அத்தை திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் மருமகன் குமார், கிரிக்கெட் மட்டையும் கையுமாக வருகிறான்.)

குமார்: அத்தை, மேலத்தெரு டீமை அன்னிஹிலேட் பண்ணிவிட்டோம்!

அத்தை: ஐயையோ, போலீஸ் வரப்போகிறது! என்னடா செய்தீர்கள்?

குமார்: மேட்ச் அத்தை, மேட்ச். அன்னிஹிலேட் என்றால் இருந்த இடம் தெரியாமல் ஒழித்துக்கட்டுவது.

அத்தை: எத்தனை ரன் வித்தியாசம்?

குமார்: ரெண்டு.

அத்தை: ரெண்டு ரன்னுக்கா இந்த அலட்டல்? இருந்த இடம் தெரியாமல் போனவர்கள் அதோ, முக்குக் கடையில் பஜ்ஜி தின்கிறார்களே!

குமார்: லத்தீனிலிருந்து வந்த வார்த்தை அத்தை. 'ஆட்' என்பது ஒன்றை நோக்கிப் போவது. 'நிஹில்' என்றால் ஒன்றுமில்லை. அதாவது, ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிடுவது.

அத்தை: அதற்கு லத்தீன் எதற்கு? ரிப்பேரான மிக்ஸியை உன் மாமா கையில் கொடுத்தால் போதும்.

குமார்: அந்த 'நிஹில்' எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு மொச்சையைக் கொடுங்கள். இதோ, ஓரத்தில் வெள்ளையாகக் கோடு மாதிரி இருக்கிறதே, இது என்ன?

அத்தை: காய்க்குள் விதை ஒட்டிக்கொண்டிருந்த இடம். இது தெரியாமலா இத்தனை வருஷம் பிதுக்குப்பருப்புக் குழம்பு வைக்கிறேன்?

குமார்: ரோமாபுரியில் ஃபெஸ்டஸ் என்று ஓர் இலக்கணக்காரர். அவரை விதையில் ஒட்டியிருக்கும் துணுக்குக்குத்தான் 'ஹீலும்' என்று பெயர் என எழுதிவைத்திருக்கிறார். அந்தத் துணுக்குகூட இல்லை என்பது 'நிஹில்'. விதைத் தழும்புக்குத் தாவரவியலில் இன்றும் ஹைலம் என்றுதான் பெயர்.

அத்தை: அட! நாம் குந்துமணித் தங்கம்கூட இல்லை என்கிறோமே!

குமார்: குந்துமணியில் கறுப்பாக இருக்கிறதே, அந்த ஹைலமும் அங்கேதான் இருக்கிறது.

அத்தை: குன்றிமணிக்கும் குண்டியில் கறுப்பு என்று என் மாமியார் வாய்க்கு வாய் சொல்வார். லத்தீன் படித்த மனுஷி என்று தெரியாமல் போச்சே!

குமார்: ரெண்டு ரன்னுக்கு அன்னிஹிலேட் கொஞ்சம் அதிகம்தான். டெசிமேட் என்று சொல்லியிருக்கலாம்.

அத்தை: அது எவ்வளவு நாசம்?

குமார்: ரோமானியப் படையில் ஒரு பிரிவு பயந்து ஓடினால், பத்துப் பேருக்கு ஒருவன் என்று குலுக்கிப்போட்டு எடுப்பார்கள். அவனை அவன் கூட்டாளிகளே தடியால் அடித்துக் கொல்ல வேண்டும். கி.மு. 71 வாக்கில், கலகம் செய்த அடிமைகளின் தலைவன் ஸ்பார்ட்டகஸோடு நடந்த சண்டையில், கிராசஸ் என்ற தளபதி இந்தப் பழைய தண்டனையை மறுபடி தூசிதட்டி எடுத்தார்.

அத்தை: படுபாவி! ஆனால் உன் கணக்குப்படி மேலத்தெருவில் ஒருத்தன்தானே போவான்? மிச்சம் பத்துப் பேர் அடுத்த மேட்சே ஆடலாமே!

குமார்: இப்போதெல்லாம் பெரும்பகுதி அழிந்தால்தான் அப்படிச் சொல்கிறார்கள். விடுங்கள் அத்தை. நிஜமான அன்னிஹிலேஷன் எங்கள் பெட் (PET) ஸ்கேனில் நடக்கிறது. ஊசியில் ஏற்றும் மருந்திலிருந்து பாசிட்ரான், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகள், கிளம்பும். உடம்பிலுள்ள எலக்ட்ரானைச் சந்தித்ததும் ரெண்டும் காலி!

அத்தை: ஒன்றுமே மிஞ்சாதா?

குமார்: மிஞ்சும்... ரெண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதைப் பிடித்துத்தான் படம் எடுக்கிறோம்.

அத்தை: ஒன்றுமில்லாமல் போனதைப் படம் வேறு பிடிக்கிறீர்களா? நல்ல கதையாக இருக்கிறதே!

குமார்: ஐன்ஸ்டீன் கணக்கு அத்தை. நிறை ஆற்றலாக மாறுமே தவிர, எதுவும் சும்மா காணாமல் போகாது.

அத்தை: அவர் ஏன் சொல்ல மாட்டார்? சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டவள் நானல்லவா!