சந்தை நாளில் திறந்திருந்த மியூசியம்

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் மியூசியம் என்றாலே நம் ஆட்கள் "நம்ம ஆழ்வாரை வாங்கி வைத்துக்கொண்டவர்கள்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வாங்கினார்கள்தான். 1967இல் சோத்பிஸ் ஏலத்தில், திருமங்கையாழ்வாரின் 16ஆம் நூற்றாண்டு வெண்கலச் சிலை, ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். கும்பகோணம் பக்கம் சுந்தரப்பெருமாள்கோயில் என்ற ஊரில் சௌந்தரராஜப் பெருமாளோடு இருந்தவர். 1832இலிருந்து சமஸ்கிருதத்துக்குப் பேராசிரியர் பதவி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில், புறப்பாட்டுச் சிலை ஏலத்துக்கு எப்படி வந்தது என்று கேட்க ஒருத்தர்கூடவா இல்லை? கோபம் எனக்கும் உண்டு.

(இந்த ஆழ்வார்தான் நாகப்பட்டினம் விகாரையின் பொன் புத்தரைக் கொண்டுவந்து திருவரங்கத்து மதிலுக்குச் செலவழித்தவர், பெருமாளையே வழிமறித்துப் பறித்தவர் என்று கதை சொல்லி இன்றும் ஸ்ரீரங்கத்தில் வேடுபறி உற்சவம் நடத்துகிறோம். அவரையே களவாடியிருக்கிறார்கள் பாருங்கள்.)

ஆனால் இதைச் சாம்ராஜ்யக் கொள்ளை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகமுடியாது. 1957இல் சிலை கோயிலில்தான் இருந்தது, போட்டோ இருக்கிறது. அதற்கு அடுத்த பத்து வருஷத்துக்குள், அதாவது சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழித்து, நம் ஊரில், நம் ஆட்கள் கண்முன்னே போயிருக்கிறது. பதிலுக்கு ஒரு போலி கோயிலில் நின்றது என்று சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு பிற்பாடு சொன்னது. சேவித்துவிட்டு வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்தப் போட்டோவைக் காப்பாற்றி வைத்திருந்ததும் நாம் இல்லை, புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்.

2019 நவம்பரில் ஓர் ஆய்வாளர் அந்தப் படத்தையும் மியூசியச் சிலையையும் ஒப்பிட்டு, இது அதுதான் போலிருக்கிறதே என்று சொன்னார். யாரும் வழக்குப் போடுவதற்கு முன்பே, போலீஸ் போய்க் கதவைத் தட்டுவதற்கு முன்பே, மியூசியமே அடுத்த மாதம் இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழகக் கவுன்சில் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. நாலு வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள், அதில் எனக்குச் சமாதானம் இல்லை. இருந்தாலும் நான் பிடித்துக்கொள்வது ஒரு விஷயத்தை: சிலை எங்கே வாங்கியது, எந்த வருஷம், யாருடைய சேகரிப்பிலிருந்து என்று பதிவேட்டில் இருந்தது, அதை வெளி ஆள் பார்க்க முடிந்தது, அதனால்தான் பிடிபட்டது. இதே சிலை ஏதோ ஒரு கோடீஸ்வரர் வீட்டு வரவேற்பறையில் இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கேயே பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்றிருக்கும்.

அந்தத் திறந்த கதவு பழைய வழக்கம். 1683இலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1710இல் ஊஃபன்பாக் என்ற ஜெர்மன் அறிஞர் போனபோது சந்தை நாளாம், சுற்று வட்டாரத்துக் கிராமத்து ஜனம் ஆணும் பெண்ணுமாய் உள்ளே நிறைந்திருந்ததால் மனுஷருக்கு ஒன்றும் பார்க்க முடியாமல் திரும்பியிருக்கிறார். இன்னொரு நாள் போனபோதும் ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட மேலே விடுகிறார்கள், எல்லாரும் எதையாவது தொட்டுக்கொண்டு ஓடுகிறார்கள் என்று புலம்பல். அவர் குறையாக எழுதியதைத்தான் அந்த மியூசியத்துக்குக் கிடைத்த முதல் தரமான பாராட்டாக நான் படிக்கிறேன். இப்போது அந்த ஆறு பென்ஸும் கிடையாது, நுழைவு இலவசம்.

சரி, நம் பக்கம் வருவோம். சில வருஷம் முன்னால் நம் மாநிலத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். அருங்காட்சியகம் என்று அம்புக்குறி போட்ட பலகை. போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு, பூட்டின் மேல் சிலந்திக்கூடு. ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மூக்குடைந்த ஒரு கல் நந்தி, அதன் முதுகில் கட்டுக் கட்டாக விடைத்தாள், பக்கத்தில் கால் போன நாற்காலி. சாவி யாரிடம் என்று கேட்டால், "அவர் கல்யாணத்துக்குப் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்க." உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் இருக்குமா என்றேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பழைய சாமான் சார்."

அந்த நந்தி நாளைக்கு எங்கேயாவது ஏலத்தில் வந்தால், இது எங்களுடையது என்று எதை வைத்துச் சொல்வார்கள்? நம் துறைகள் வரிசையாகக் கருத்தரங்கு நடத்துகின்றன, பொன்னாடை போர்த்துகின்றன, நல்லது. அந்தச் செலவில் ஒரு பங்கு எடுத்து, இருக்கிற ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அளவும் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதும் போட்டு இணையத்தில் ஏற்றட்டும். எம்.ஏ. பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு பருவத்தில் முடித்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பூட்டு. தினமும் வேண்டாம், அந்த ஊர்ச் சந்தை என்றைக்கோ அன்றைக்கு மட்டுமாவது திறக்கட்டும், கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் பையோடு உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.