எடை மட்டும் காரணமல்ல

செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் எல்எச்சிபி சோதனையில் உள்ள கார்பன் இழை ஆடிகளைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் கண்ணாடியைவிட எடை குறைவு, மாட்டுவது எளிது என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். வேகமான மின்னூட்டத் துகள்கள் ஒரு வாயுவைக் கடக்கும்போது விடும் மெல்லிய ஒளிதான் செரன்கோவ் ஒளி; அதை ஆடிகளால் வளையமாகக் குவித்து, வளையத்தின் அளவை வைத்துத் துகளின் வகையைக் கண்டுபிடிப்பது அங்குள்ள ரிச் 1 கருவி. அதில் அந்தக் கோள ஆடிகள் துகள்கள் போகும் பாதையிலேயே நிற்கின்றன. துகள் ஆடியையும் துளைத்துக்கொண்டுதான் பின்னால் உள்ள கருவிகளுக்குப் போக வேண்டும். தடித்த கண்ணாடி என்றால் வழியிலேயே சிதறித் திசை மாறும் வாய்ப்பு கூடிவிடும். பாதைக்கு வெளியே இருக்கும் தட்டை ஆடிகள் கண்ணாடியாகவே இருப்பதைப் பாருங்கள், விஷயம் புரியும்.

இந்தக் கோள ஆடிகளைச் சோதிக்கும் முறையும் அழகானது. வளைவு மையத்தில் ஒரு புள்ளி ஒளியை வைத்து, திரும்பி வரும் பிம்பம் எவ்வளவு சிறிதாக விழுகிறது என்று அளப்பார்கள். வளைவு கொஞ்சம் கோணினாலும் புள்ளி விரியும், செரன்கோவ் வளையம் மங்கும். அப்புறம் பையான், கேயான் என்ற இரண்டு வகைத் துகள்களை எப்படிப் பிரிப்பது?

நான் ஊட்டிக்காரன். டாடா ஆய்வு நிறுவனத்தினர் 1970களில் இங்கேதான் ஆடிகளை வைத்து விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது இரவு வானத்தில் எழும் செரன்கோவ் ஒளியைப் பிடித்தார்கள். பிறகு அந்த ஆய்வு மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்குப் போனது. இந்த ஊர் மூடுபனியில் எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியே ஓரம் கறுத்துவிட்டது. கார்பன் இழைகளை ஒட்டிப் பிடிக்கும் எபாக்சி பிசினும் ஈரத்தை உறிஞ்சி லேசாக உப்பும் பொருள்தான். அதற்கான சோதனைகளைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.