செஸ்ஸில் ரூக்கை (யானையை) ஆறாவது வரிசையிலேயே வைத்திருந்தால் டிராவா?

"ஒரு சிப்பாய் குறைந்தாலும் கவலையில்லை, ரூக்கை ஆறாவது வரிசையில் நிறுத்திக் கடைசிவரை இடமும் வலமும் நகர்த்தினால் டிரா" என்று உங்கள் செஸ் பதிவில் எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆட்டமே போகும்.

இந்த நிலையைப் பாருங்கள் (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் கிடைவரிசை): வெள்ளை ராஜா இ5, சிப்பாய் டி5, ரூக் எச்7. கறுப்பு ராஜா டி8, ரூக் ஏ6. வெள்ளை ராஜா முன்னேற முடியாமல் தடுப்பது அந்த ரூக்தான். ஆனால் சிப்பாய் டி6-க்கு வந்த நொடியில் அதுவே ரூக்கின் வழியை மறைக்கிறது, ஆறாவது வரிசையின் வேலை முடிந்தது. அப்போதும் ரூக்கைப் பி6 என்று சும்மா நகர்த்தினால், வெள்ளை ராஜா இ6-க்கு ஏறும். அடுத்து வெள்ளை ரூக் எச்8-ல் மேட். அதைத் தவிர்க்கக் கறுப்பு ராஜா சிப்பாயின் முன்னாலிருந்து விலகியே ஆக வேண்டும்.

சிப்பாய் டி6 வந்ததும் கறுப்பின் சரியான பதில் ரூக் ஏ1! வெள்ளை ராஜா இ6 வந்தால் ரூக் இ1-ல் செக், டி5 போனால் டி1-ல் செக். சிப்பாய் ஏற்கெனவே டி6-ல் இருப்பதால் ராஜா அதன் முன்னால் ஒளிய இடமில்லை. 1777-லேயே பிரெஞ்சு செஸ் வீரர் பிலிடோர் காட்டிய வழி இது.

ரூக்கை முதல் வரிசைவரை முழுதாகக் கீழே இறக்குங்கள். பாதி வழியில் நின்றால் வெள்ளை ராஜா ரூக்கையே தாக்கும். மஞ்சக்குப்பத்துப் பசங்க இதைப் படித்துவிட்டுத்தான் கடலூர் போட்டிக்கு வருவார்கள், கொஞ்சம் திருத்திவிடுங்கள்.